ரூபாய்க்கு ஏறிய நிறம்

பாகூர்,
3 மார்ச் 1934

அன்புள்ள மைதீன் பிச்சைக்கு,

நலம்தானே? எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. பழங்காசு சேர்க்கும் பைத்தியத்தில் புதுச்சேரிக் கடைத்தெருவில் ஒருவனிடம் நீலமும் ஊதாவும் பூத்த பழைய வெள்ளி ரூபாய் ஆறு வாங்கினேன் என்று சொன்னேனே, அத்தனையும் போலி நிறம். மூக்கருகே கொண்டுபோனேன், அழுகின முட்டை வாடை. உவ்வே! வேகவைத்த முட்டையை நறுக்கி ஜாடியில் போட்டு, காசையும் உள்ளே வைத்து மூடிவிடுகிறார்களாம். ஒரே நாளில் பழங்காசு நிறம் ஏறிவிடுகிறதாம். அதைப் போய்ச் சைவன் வீட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தேனே! கையைச் சீயக்காய் போட்டு நாலு தரம் கழுவியும் குமட்டல் போகவில்லை.

இப்போது எந்தக் காசைப் பார்த்தாலும் சந்தேகம். நான் பார்க்கக் கேட்டு நீ கொடுத்தனுப்பிய உன் மனைவியின் ரூபாயும் என் மேஜைமேல்தான் இருக்கிறது. ஓரத்தில் செம்பு நிறம், உள்ளே போகப்போக நீலம். இவ்வளவு அழகு தானாக வருமா? கோபித்துக்கொள்ளாதே, உன்னையும் எவனாவது ஏமாற்றியிருக்கலாம். புளியும் சாம்பலும் போட்டு ஒரு தேய் தேய்த்தால் வண்டவாளம் தெரிந்துவிடும்.

உன் சிநேகிதன்,
சிவப்பிரகாசம்


வில்லியனூர்,
5 மார்ச் 1934

பிரியமுள்ள சிவப்பிரகாசத்துக்கு,

கடிதம் கண்டதும் பதறிப்போய் எழுதுகிறேன். அந்த ரூபாயைத் தொடாதே, உனக்குப் புண்ணியமாய்ப் போகும். அதை எனக்கு எவனும் விற்கவில்லையப்பா. நிக்காஹ் அன்று பாத்திமுத்துவின் கையில் அவள் அத்தா வைத்த காசு. அன்று வெள்ளைவெளேரென்று இருந்தது. மஞ்சள் காகிதத்தில் சுற்றி மரப்பெட்டியின் அடியில் போட்டாள். இருபத்திரண்டு வருஷம் அங்கேயே கிடந்து மெள்ள மெள்ள வந்த நிறம். ரம்ஜானுக்கு ரம்ஜான் பிரித்துப் பார்த்து, "இன்னாங்க, இந்த வருசம் ஊதா வந்துட்டுது பாருங்க" என்பாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் கண்ணால் பார்த்த நிறம் என்பதுதான் எனக்கு முக்கியம். புளி போட்டால் நிஜ நிறமும்தான் போகும், இதுகூடவா உனக்குத் தெரியாது?

அடுத்த மாதம் நூருன்னிசாவுக்கு நிக்காஹ். அம்மா வைத்திருந்தபடியே அந்தக் காசு தன் கைக்கு வரவேண்டும் என்று நச்சரிக்கிறாள். உன் வண்டிக்காரன் கண்ணையன் சந்தைக்கு வரும்போது அவனிடம் கொடுத்தனுப்பு.

மைதீன் பிச்சை


பாகூர்,
13 மார்ச் 1934

அன்புள்ள மைதீனுக்கு,

நல்ல வேளை, உன் கடிதம் முந்திக்கொண்டு வந்தது. நான் தேய்க்கவே இல்லை. வந்தது வந்தபடி கண்ணையனிடம் கொடுத்திருக்கிறேன். அசல் நிறம்தான், சந்தேகப்பட்டதற்கு வெட்கப்படுகிறேன். காற்றுப் படாமல் துணியில் முடிந்திருக்கிறேன். நிக்காஹ் வரைக்கும் பிரிக்காமல் வை. இங்கே கரும்பு வெட்டு நடக்கிறது, அதனால் அதிகம் எழுத முடியவில்லை. நூருன்னிசாவுக்கு என் ஆசி.

சிவப்பிரகாசம்


வில்லியனூர்,
16 மார்ச் 1934

சிவப்பிரகாசம்,

பிரித்தேன். முடிச்சை அவிழ்த்ததுமே வீடு முழுக்க நாற்றம். நூருன்னிசா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

நிறம் இருக்கிறது, எக்கச்சக்கமாக இருக்கிறது. காசில் பொறித்த ராணியின் கன்னத்தில் சாம்பல் தேய்த்த கீறல். அந்தக் கீறலுக்கு மேலேயே நீலம் அப்பியிருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்து நிறம் போன வாரத்துக் கீறலுக்கு மேல் எப்படியய்யா ஏறும்? ஓரத்திலிருந்து படிப்படியாக உள்ளே வந்தது போய், நடுவில் திட்டுத்திட்டாக நிற்கிறது. தொட்டேன், விரலில் ஒட்டிக்கொண்டது. எழுத்து இடுக்கில் புளி நார் வேறு.

கண்ணையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "இன்னான்னு சொல்றது பாய், அய்யா மாட்டுக் கொட்டாயில முட்டை வேவ வெச்சாரு. யாராண்டயும் சொல்லாதடான்னாரு" என்றான்.

தேய்த்துவிட்டேன், மன்னித்துவிடு என்று ஒரு வரி எழுதியிருந்தால், ரெண்டு நாள் உன்னைத் திட்டிவிட்டு மூன்றாம் நாள் பாகூருக்கு வந்திருப்பேன். செத்தவள் பொருளில் பொய்யைப் பூசி, அவள் பெண் கையிலேயே கொடுக்கப் பார்த்தாயே, சீ! கடைத்தெருக்காரனுக்காவது பாத்திமுத்து யாரென்று தெரியாது. நீ சைவன் என்று உனக்கு மட்டும் தனிப் பாத்திரம் வாங்கி வைத்துக் காப்பி போட்டவள் அவள். உனக்கு எப்படி மனசு வந்தது? உன் கையெழுத்தைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்கிறது.

நூருன்னிசா காசை வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். "யாருகிட்ட அத்தா குடுத்து வெச்சிருந்தீங்க?" என்று கேட்டு அழுதாள். உன் பெயரைச் சொல்ல வாய் கூசியது. தெரியாத ஆள் ஒருத்தனிடம் என்று சொன்னேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

மைதீன் பிச்சை