அழித்த கோடு

மார்ச் 3

இன்றும் தம்பியைச் சட்டையில்லாமல் ஜன்னலோரம் நிற்க வைத்தேன். வலது கை தலைக்கு மேலே, விரல்கள் மூடி. ஐந்நூறு வருடத்துக்கு முன் சிவப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்த இத்தாலிய ஓவியத்தில் நிற்பவன் மாதிரியே. புத்தகத்தில் அச்சாகியிருக்கும் அந்த உடம்பை நானே ஒருமுறை வரைந்து பார்க்காமல் வகுப்பில் மாணவர்கள் முன்னால் எப்படி வாய் திறப்பது?

"அக்கா, கை மரத்துப் போச்சு."

"படத்துல அவன் நிக்கலையா? இன்னும் கொஞ்சம்டா."

சும்மா இருப்பவனுக்குச் சும்மா நிற்க என்ன கஷ்டம் என்று கிண்டல் வேறு. வேலை போய் என் வீட்டில் இருக்கிறான். மறுக்க மாட்டான் என்று தெரிந்துதானே கேட்கிறேன்?

மார்ச் 9

படத்தில் தோள் அருமையாக வந்துவிட்டது.

மார்ச் 12

அவனால் கையைத் தூக்க முடியவில்லை. நான்தான் சட்டை மாட்டிவிட்டேன். தசைநார் வீங்கியிருக்கிறதாம். "என்ன வேலை பண்ணீங்க?" என்றார் டாக்டர்.

"சும்மா நின்னேன் சார்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திங்கட்கிழமை பேக்கரியில் மாவு பிசையச் சேர வேண்டியவன். இனி அவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். பாவி நான்.

மார்ச் 20

கண்காட்சிக்காக இங்கே வந்திருக்கும் மூல ஓவியத்தைப் பார்க்க அருங்காட்சியகத்தில் அனுமதி கிடைத்தது. அங்கே காப்பாளராக இருக்கும் அம்மா விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தார். மூடிய கையிலிருந்து தரைவரை மங்கலாக ஒரு கோடு, அழித்த தடம். என் புத்தகத்தில் பின்னணியை வெள்ளையாக்கி அச்சடித்ததில் அது காணாமல் போயிருக்கிறது.

"கம்புங்க," என்றார். "கை வலிக்காம இருக்கப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பான். வரைஞ்சவர் அப்புறம் அழிச்சிட்டார்."

யாரோ ஒரு கூலி ஆளுக்கு அந்த ஓவியர் கம்பு கொடுத்திருக்கிறார். நான், கூடப் பிறந்தவனுக்கு —

புத்தகத்தின் மேல் பழி போடலாம். ஆனால் இவன் வாய்விட்டுச் சொன்னானே! அப்புறம் கோடு தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

மார்ச் 21

அவனிடம் சொன்னேன். மன்னிச்சுடுடா என்று அழுதேன்.

"அப்ப அவனும் கம்பில்லாம நிக்கலை," என்றான்.

ஏப்ரல் 28

தோள் பாதி தேறிவிட்டது. ஒரு கடையில் பில் போடும் வேலை. நண்பனின் அறைக்குப் போகிறானாம்.

"இங்கேயே இருடா."

"வேணாம்க்கா. இங்க இருந்தா நீ எது கேட்டாலும் சரின்னுடுவேன்."

பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினான். வலது தோள் சற்றே இறங்கியிருந்தது. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அப்போதும் என் கண் அளந்துகொண்டிருந்தது. சீ.