இரு பதிவுகளையும் இணைக்கவா?

பிப்ரவரி 4

ஐந்தாம் வகுப்புக்கு டேப் வந்துவிட்டது. முகத்தைக் காட்டினால் அவரவர் பாடம் திறக்குமாம். அதற்கு முப்பத்தொன்பது பேரின் முகத்தையும் என் போனில் பதியவேண்டும், அதுவும் இன்றே. ஒருத்தன் சரியாகப் படம் எடுக்கும்போது கண்ணை மூடுகிறான். ஒருத்தி வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள், முன்பல் விழுந்துவிட்டதாம். தாவு தீர்ந்துவிட்டது.

கடைசியாக, ஒரே அச்சாக இருக்கும் இரட்டைச் சகோதரிகள். வகுப்பே அவர்களை வாயாடி, ஊமைக்கொட்டான் என்றுதான் கூப்பிடுகிறது. வாயாடியைப் பதிந்தேன். அடுத்தவளின் பெயரைப் போட்டுப் படம் எடுத்ததும் போன் கேட்டது: "இரு பதிவுகளையும் இணைக்கவா?" அட, அக்கா தங்கை என்று கண்டுபிடித்துவிட்டதே, கெட்டிக்காரச் செயலிதான் என்று நினைத்து "ஆம்" அழுத்தினேன்.

"அக்காவ முதல்ல பதிஞ்சீங்க, கரெக்ட் டீச்சர்" என்றாள் வாயாடி.

"அக்கா எல்லாம் இல்ல. பன்னெண்டு நிமிஷம்தான்." ஊமைக்கொட்டான் இந்த வாரம் பேசிய முதல் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 6

மொத்தம் முப்பத்தெட்டு மாணவர்கள் என்று காட்டுகிறது. எண்ணத் தெரியாத செயலி.

பிப்ரவரி 11

எண்ணத் தெரியாதது எனக்குத்தான். ஊமைக்கொட்டான் முகம் காட்டினால் டேப் வாயாடியின் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கிறது. சின்னவள் போடும் கணக்கெல்லாம் பெரியவள் பேரில் ஏறுகிறது. பின்னமே தெரியாத பெரியவள் தசமத்தில் போய் மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறாள். சின்னவளின் பெயரை மேலும் கீழும் தேடினேன். இல்லவே இல்லை.

இணைப்பது என்றால் சேர்த்து வைப்பது இல்லையாம். ஒன்றாக்கிவிடுவதாம்.

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு வார்த்தைய நம்பி ஒரு பிள்ளையவே முழுங்கிட்டியே." கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகத்தான் படித்தேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 18

உதவி எண்ணில் நாற்பது நிமிடம் இசை கேட்டேன். பிறகு ஒரு பெண், பணிவான குரல்.

"நீங்களே இணைச்சீங்களா மேடம், இல்ல தானா இணைஞ்சுதா?"

தலைமையாசிரியை எதிரில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் என்னை ஒரு சொல் சொன்னவரில்லை. எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம்.

"தானா ஆயிடுச்சு" என்றேன்.

"சரி மேடம், தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுக்கறேன்."

போட்டுக்கொள்ளட்டும். பழி விழுந்தால் செயலிக்கு மானமா போகப்போகிறது?

பிப்ரவரி 27

பதில் இல்லை.

மார்ச் 3

பிறப்புச் சான்றிதழ்களை வைத்து ஆளுக்கு ஒன்றாக இரண்டு புகார் அனுப்பினேன். பதில் வந்தது: "ஒரே மாதிரியான புகார்கள் என்பதால் இரண்டும் இணைக்கப்பட்டன."

வாய்விட்டுச் சிரித்தேன். ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது. பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன்.

மார்ச் 12

சுற்றறிக்கை. அடுத்த பருவத்திலிருந்து செயலியில் எண் உள்ளவர்கள் மட்டுமே மாணவர்கள். எண் இல்லாத பிள்ளையை வகுப்பில் உட்காரவைக்கக் கூடாது. இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில்: தவறுதலாக இணைத்த பதிவுகளை, இணைத்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் இணைத்தவரே ஒப்புக்கொண்டு எழுதினால் பிரிக்கலாம்.

பிப்ரவரி நான்கிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். முப்பத்தாறு. மறுபடி எண்ணினேன்.

அந்தப் பொண்ணு கேட்டாளே. நீங்களான்னு நேராக் கேட்டாளே. அப்போ நாள் இருந்துச்சே! ஆமா, நான்தான்னு ஒரு வார்த்தை — சொல்லியிருந்தா என்னடி குறைஞ்சு போயிருக்கும் உனக்கு?

மார்ச் 14

தலைமையாசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார், அவ்வளவுதான். இருவரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினோம். காலக்கெடு முடிந்துவிட்டது என்று மாலைக்குள் பதில். இதற்கு மட்டும் என்ன வேகம்!

சின்னவளைப் புதிதாகச் சேர்க்கவும் பார்த்தோம். இந்த முகம் ஏற்கெனவே இருக்கிறதாம்.

ஏப்ரல் 2

அவர்களின் அம்மா வந்தாள். துணிக்கடையில் மடிப்பு வேலை, ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி வந்திருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. என் தப்புதான் என்று சொன்னேன். நாலு வார்த்தை கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்டால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நம்பர் ஒண்ணுதானே டீச்சர்? அப்ப கணக்கு நல்லாப் போடுறவ வரட்டும். பெரியவ இவனப் பாத்துக்கட்டும்."

"எப்படியாவது சரிபண்ணப் பாக்கறேம்மா."

"பாருங்க. அதுவரைக்கும் சின்னவ பெரியவ பேர்ல வந்தா பிரச்சினை ஒண்ணும் இல்லியே?"

இல்லை என்றேன். அதுதான் உண்மை. செயலிக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

ஏப்ரல் 11

முதல் பருவத்தின் கடைசி நாள். "டீச்சர், லீவு முடிஞ்சு நான் வரமாட்டேன், தெரியுமா?" என்று வாயாடி புதுச் சேதி சொல்வதுபோலச் சொன்னாள். "தம்பி நடக்கறவரைக்கும்தான். என் இடத்துல யாரையும் உட்காரவைக்காதீங்க."

சரி என்று தலையாட்டினேன். எனக்குத்தான் சரி சொல்வது கைவந்த கலையாயிற்றே.

மே 5

இரண்டாம் பருவத்தின் முதல் நாள். முப்பத்தெட்டு எண், முப்பத்தெட்டு முகம். செயலியில் எல்லாம் பச்சை. பிழையில்லாத வகுப்பு என்று மேலிடத்திலிருந்து பாராட்டுகூட வந்திருக்கிறது.

வாயாடியின் பெயரைக் கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்!" என்று கணீரென்று குரல் வந்தது. ஊமைக்கொட்டானுக்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அக்காவின் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளையில் மற்றவர்கள் வெளியே போனபிறகு பக்கத்தில் போனேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"அக்கா எப்படிம்மா இருக்கா?"

கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எனக்கு அக்கா இல்ல டீச்சர். தங்கச்சிதான். வீட்டுல இருக்கா."