வாய் வரைக்கும் பெட்ரோல்

என்னங்க,

வண்டிச் சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. நான் ஒர்க்‌ஷாப்புக்கு பஸ்ல போறேன். மூணு மணிக்குப் புகை டெஸ்ட், நீங்களே வண்டியைக் கொண்டு போயிடுங்க. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். என் மேல இருக்கிற கோபத்தை அது மேல காட்டாதீங்க.

ஊரார் வண்டியெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவளுக்கு நம்ம வண்டியைப் பிரிக்க இன்னிக்குக் காலையிலதான் நேரம் கிடைச்சுது. டேங்க்ல கிளம்புற ஆவி வெளியே போகாம பிடிச்சு வைக்க ஒரு கரி டப்பா உண்டு. அது பெட்ரோல்ல ஊறிக் கிடக்கு. அதான் வண்டியில அடிக்கிற அந்த பெட்ரோல் நாத்தம். நீங்க டேங்க்கை வாய் வரைக்கும் ரொப்புறதுதான் காரணம். டப்பாவையும் டியூபையும் மாத்திட்டேன்.

நேத்து "யாராவது இப்படி ரொப்புவாங்களா?"ன்னு கத்தினேன். நீங்க எழுந்து போயிட்டீங்க. டப்பாவைக் கழட்டும்போதுதான் எனக்கு உறைச்சுது. பெட்ரோல் தீர்ந்து, மழையில வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தேனே, அதுக்கு மறுநாள்லேருந்துதான் இப்படி ரொப்புறீங்க.

இனிமே பம்ப் தானா நின்னதும் போதும்னு சொல்லிடுங்க.

டெஸ்ட்டுக்குப் போற வழியிலயும் ரொப்பிடாதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன்.

இன்னொண்ணு. வண்டி நின்னா கூப்பிடுறேன். குடை எடுத்துக்கிட்டு வாங்க, சேர்ந்து தள்ளுவோம்.