கழிப்பறைக் காலண்டரில் ஒரு பென்சில் எழுத்து

ஃப்ளிசிங்கன்,
மார்ச் 9, வெள்ளி

அன்புள்ள யொரீன் அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கலாம்தான். நீ நலமாக இல்லை என்று தெரிந்துவிட்டபின் ஆவல் எதற்கு? அதனால் நேராகக் கேட்கிறேன்: கழிப்பறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாயா? சரி, உட்கார். இந்தக் கடிதத்தை நாப்கின் பாக்கெட்டுக்குள் வைத்து அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கைபேசி, கைப்பை, தபால் எல்லாவற்றையும் திறந்து பார்க்கும் உன் கணவர் ரூலோஃப், கடையில் நாப்கின் இருக்கும் வரிசைக்குள்கூட வரமாட்டார் என்று நீதான் ஒருமுறை சொல்லிச் சிரித்தாய். இதைவிடப் பத்திரமான தபால்பெட்டி இந்த நாட்டில் இல்லை.

இங்கே எல்லாரும் சௌக்கியம். நாய் அம்மாவின் ஒற்றைச் செருப்பைத் தின்றுவிட்டது. மற்றதை நன்றியோடு விட்டுவைத்திருக்கிறது. ஆசிரியர் அறைக் கதவில் ‘தள்ளவும்’ என்றிருந்ததை ‘இழுக்கவும்’ என்று மாற்றியதற்காக நான் இரண்டு நாள் பள்ளி மைதானத்தில் குப்பை பொறுக்கினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி 17, என் பதினாறாவது பிறந்தநாள். வழக்கம்போல் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். வந்தவர்கள் எனக்குக் கைகொடுத்தார்கள். என்னைப் பெற்றதற்காக அம்மாவுக்குக் கைகொடுத்தார்கள். என்னோடு காலம் தள்ளுவதற்காக நாய்க்கும் கொடுத்தார்கள். ‘தங்கச்சி பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்’ என்று சொல்லிக் கைகொடுக்க நீதான் அங்கே இல்லை. போன் இல்லை, அட்டை இல்லை. நம் ஊரில் பிறந்தநாளை மறப்பது முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம் என்று உனக்குத் தெரியாதா? எனக்குக் கோபம். பழிவாங்க முடிவு செய்தேன்.

போன வருடம் உன் கழிப்பறையில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரில் ‘சீஸ் சித்தி’ என்று இல்லாத ஒருத்தியை நான் எழுதிவைக்க, நீ விழுந்தடித்துக்கொண்டு அட்டை வாங்கினாயே! இந்த முறை ஏழு போலிச் சித்திகளை எழுதிவைக்கப் படகேறித் தண்ணீரைக் கடந்து உன் வீட்டுக்கு வந்தேன்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தேன். பிப்ரவரி 17இல் வெள்ளை மை பூசியிருந்தது. புரட்டிப் பார்த்தேன். அம்மாவின் நாள் வெள்ளை. உன் தோழி டியூகே வெள்ளை. நீச்சல் குழுப் பெண்கள் அத்தனை பேரும் வெள்ளை. ரூலோஃப் வீட்டு ஆட்கள் மட்டும் மிச்சம். என் ஏழு சித்திகளுக்கும் தாராளமாக இடம் இருந்தது. எழுதவில்லை. அக்கா, அது நாள்காட்டி இல்லை, ஆள்காட்டி.

வெளியே வந்து, ‘என் பொறந்தநாள எலி தின்னுடுச்சா?’ என்று கேட்டேன். நீ சிரிப்பதற்கு முன் ரூலோஃபைப் பார்த்தாய். அவர்தான் பதில் சொன்னார்: ‘பேரு ஜாஸ்தி ஆனா இவளுக்கு டென்ஷன் ஆயிடுது. ஒரு அக்கறைலதான், வில்லி.’ நீ உடனே, ‘நான்தான் அழிச்சேன்’ என்றாய். பிறகு நீ கழிப்பறைக்குப் போய்வந்தபோது அவர் கடிகாரத்தைப் பார்த்து, ‘ஆறு நிமிஷம்’ என்றார். பெயரிலேயே ரூல் வைத்திருப்பவர் அல்லவா? அவர் அக்கறை என்கிறார். எனக்கு அது அக்கரையாகத் தெரிகிறது. நாங்கள் எல்லாரும் இந்தக் கரையில், நீ மட்டும் அங்கே.

வீட்டில் சொன்னேன். ‘புருஷன் பொண்டாட்டி விஷயத்துல மூக்க நீட்டாதடி’ என்றாள் அம்மா. அரைமணி கழித்து அவளே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். ‘போன தடவ காபிக்குச் சர்க்கரை எடுக்கறதுக்குக்கூட அவன் மூஞ்சியத்தான் பாத்தா’ என்றாள்.

மறுநாள் குடும்ப வன்முறை உதவி எண்ணுக்குப் போன் செய்தது அம்மாதான். எதிர்முனையில் ஒரு பெண், அவசரமில்லாத குரல். ‘அவர் அடிக்கிறாரான்னு தெரியலையே’ என்று அம்மா இழுத்தாள். அந்தப் பெண், ‘அடிச்சாத்தான்னு இல்லம்மா. யார்கிட்ட பேசணும், எங்க போகணும்னு ஒருத்தர் முடிவு பண்ணி, இன்னொருத்தர் பயந்து பயந்து நடந்தா, அதுவும் வன்முறைதான்’ என்றாள். அவரிடம் சண்டைக்குப் போகக் கூடாதாம். உன்னை இழுத்துக்கொண்டும் வரக் கூடாதாம். எப்போது கிளம்புவது என்று நீதான் முடிவு செய்யவேண்டுமாம். ரூலோஃபின் காருக்குள் மத்தி மீனை நிரப்பும் என் திட்டம் அத்துடன் ரத்து.

அதனால் நாளை அம்மா உன் காலண்டரில் ஒரே ஒரு போலிச் சித்தியை மட்டும் எழுதிவைப்பாள். பிறந்த நேரம் காலை 08.00, பிறந்த ஆண்டு 2000. முதலில் நேரம், அடுத்து ஆண்டு, புள்ளி வேண்டாம்: அதுதான் அந்த உதவி எண். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உன் கைபேசியிலிருந்து கூப்பிடாதே. டாக்டரைப் பார்க்கப் போகும்போது டாக்டரின் அறையிலிருந்து பேசலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். அங்கே ரூலோஃபை உள்ளே விடமாட்டார்கள். சித்தி யார் என்று ரூலோஃப் கேட்டால், அம்மாவழிச் சொந்தம், வாயாடி, பேச ஆரம்பித்தால் விடமாட்டாள் என்று சொல். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒன்று. என் பிறந்தநாளை மறுபடி எழுது. முழுப்பெயர் வேண்டாம், அவர் அழித்துவிடுவார். முதல் எழுத்து மட்டும், பென்சிலில், சின்னதாக. பிப்ரவரியில் எழுதவேண்டும் என்றில்லை. கிளம்ப உனக்கு எந்தத் தேதி தோதோ அதில் எழுது. அம்மா காபி குடிக்க வரும்போதெல்லாம் கழிப்பறைக்குப் போய்ப் பார்ப்பாள். நீ எழுதிய நாளில் அவளும் நானும் தண்ணீருக்கடியில் போகும் சுரங்கச் சாலை வழியாகக் காரில் வந்து உன் தெருமுனையில் நிற்போம். அடுத்த மாதமோ அடுத்த வருடமோ, எதுவானாலும் சரி. நீ சொல்லும் நாளில் நான் பிறந்துகொள்கிறேன்.

படித்ததும் கிழித்துப் போட்டுத் தண்ணீரை இழுத்துவிடு. ஆறு நிமிடம் ஆகியிருக்கும்.

வட்டத்திலிருந்து உன் நாற்காலியை இன்னும் அகற்றவில்லை. வந்து உட்கார், அக்கா. எல்லாரும் வரிசையாக உனக்குக் கைகொடுக்கட்டும்.

உன் தங்கை,
வில்லி