நீக்கச் சொன்ன பாட்டு

திருப்பூர்,
12.6.2007

அன்புமிக்க பெருமாள்சாமி,

நல்லா இருக்கீங்களா? நீங்க தொகுத்த 'வட்டார இலக்கியமும் சூழலும்' பாடநூலைப் படிச்சேனுங்க. தெலுங்கு, கன்னடம், இந்தின்னு நம்மூரில் புழங்கற அத்தனை பேச்சையும் தமிழாக்கி, மண்ணையும் தண்ணியையும் வச்சுப் பாடம் நடத்தறது பெரிய காரியம். ஆட்சிக் குழுவில் நானே பேசி ஒப்புதல் வாங்கித் தர்றேன்.

ஒரே ஒரு வேண்டுகோளுங்க. 'சிவந்த ஓடை' பாட்டை மட்டும் எடுத்துடுங்க. நான் செயலரா இருக்கற கல்லூரியிலேயே என் சாயப்பட்டறையை ஏசுனா ஊரு சிரிக்காதுங்களா? என் பொண்ணு மோனிஷாவும் அந்த வகுப்பில்தான் உட்காரப் போறா. பழைய சிநேகிதத்துக்காகக் கேக்கறேன்.

உங்கள்
ஆறுச்சாமி


அனுப்பர்பாளையம்,
15.6.2007

அன்புள்ள ஆறுச்சாமி அவர்களுக்கு,

முதலில் நன்றி. தெற்கிலிருந்து வேலையின்றி வந்த எனக்கு விரிவுரையாளர் பணி தந்தவர் தாங்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக என் வீட்டில் உலை கொதிப்பது அதனால்தான். எந்தக் கோபத்திலும் அதை மறவேன்.

ஒரு பாட்டை மட்டும் நீக்கச் சொன்னதற்கும் நன்றி. நூலையே நிறுத்தியிருந்தால், தங்களைச் சுட்டது எது என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அந்தப் பாட்டு நம் ஊர் நொய்யல் ஆற்றைப் பற்றியது அன்று. ஒரிசாவிலிருந்து வந்து இங்கே பனியன் தைக்கும் நிரஞ்சன் பாடியது. அவருடைய ஊர் ஓடை இரும்புச் சுரங்கத்து மண்ணால் சிவந்தது. பின்னிணைப்பில் இது உள்ளது; தாங்கள் அதுவரை புரட்டவில்லை. பாட்டில் சாயம் என்ற சொல்லே இல்லை. செத்து மிதக்கும் மீனும், தண்ணீரில் இறங்க மறுக்கும் எருமையும்தான் உண்டு. பட்டறையை அதற்குள் கொண்டுபோய் வைத்தவர் தாங்கள்.

எங்கோ இருக்கும் ஓடையில் தன் ஊர் ஆற்றைக் காணப் பழக்குவதே இந்தப் பாடம். இத்தனை ஆண்டுகளில் எந்த மாணவரும் தங்களைப் போல் படித்ததில்லை.

பாட்டை நீக்க மாட்டேன். அது போனால் நானும் போகிறேன். பணிவிலகல் கடிதத்தை இணைத்துள்ளேன். தேதி இடவில்லை, தாங்களே இட்டுக்கொள்ளலாம்.

என்றும் நன்றியுடன்,
பெருமாள்சாமி


திருப்பூர்,
20.6.2007

தமிழ்த்துறைப் பேராசிரியர் அவர்களுக்கு,

பின்னிணைப்பைப் படிச்சேன். உங்க கடிதத்தை மோனிஷாவும் எடுத்துப் படிச்சுட்டா. "ஏனுங்கப்பா, ஒரிசாப் பாட்டுக்கு உங்களுக்கு எதுக்கு வேர்க்குது?"ன்னு கேட்டா.

பாட்டு இருக்கட்டும். ஆட்சிக் குழுவில் ஒப்புதல் வாங்கியாச்சு. விலகல் கடிதத்தைக் கிழிச்சுட்டேன்.

இனிமேல் கடிதம் எழுதறதா இருந்தா அலுவலகத்துக்கே அனுப்புங்க. ஊட்டுக்கு வேண்டாமுங்க.

ஆறுச்சாமி,
செயலர்