இரண்டாம் எண் பாய்லரும் நூறு நாள் சாதனையும்

அனுப்புநர்
பாய்லர் இயக்குபவர் (இரண்டாம் வகுப்புச் சான்றிதழ், இருபத்தாறு ஆண்டுப் பணி),
நூல் சாயமிடும் ஆலை,
தொழிலாளர் குடியிருப்பு, மூன்றாம் வரிசை.

பெறுநர்
உயர்திரு தலைவர் அவர்கள்,
அதிபர் அரசின் நூறு நாள் செயல்பாட்டு மதிப்பீட்டுக் குழு,
அதிபர் செயலகம், தலைநகர்.

பொருள்: அரசுச் சீர்திருத்தத்திலும் பொருளாதாரத்திலும் புதிய அதிபரின் முன்னேற்றம் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்டது – கருத்துத் தெரிவித்தல் – எங்கள் ஆலையின் இரண்டாம் எண் பாய்லரைத் திங்கட்கிழமை காலைக்குள் நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் குழுவின் செய்தித்தாள் அறிவிப்பு.
2. எனது இணையவழிப் புகாரும், அது "தீர்க்கப்பட்டது" என வந்த பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புதிய அதிபருக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள், பத்து வரிக்கு மிகாமல் எழுதுங்கள் என்று அறிவித்திருந்தீர்கள். எவ்வளவு சுருக்கியும் எனக்குப் பத்து வரியில் அடங்கவில்லை. பொறுத்துக்கொண்டு கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

2. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அதிபருக்கு ஓட்டுப் போட்டவன். போட்டதோடு நிற்காமல் எங்கள் வரிசையில் இருபது வீட்டுக் கதவைத் தட்டியவன். சென்ற முறை என் சான்றிதழைப் புதுப்பிக்க ஏழு மாதம் செருப்புத் தேய நடந்தேன். இம்முறை ஒற்றைச் சாளர மையத்தில் பதினோரு நிமிடத்தில் முடிந்தது. "உக்காருங்க ஐயா" என்றார் அங்கிருந்த பெண். அரசு அலுவலகத்தில் என்னை உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை. வீட்டுக்கு வந்து தம்பியிடம், "பாத்தியாடா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று பீற்றிக்கொண்டேன். என் கண்ணை யாரும் சோதிக்கவில்லை, பாய்லரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

3. முன்பு எங்கள் ஆலைக்கு ஆண்டுக்கொருமுறை கொதிகலன் ஆய்வாளர் ஒருவர் வருவார். அவர் கை சுத்தமானவர் என்று நான் சொல்ல மாட்டேன். உறை வாங்குவார், அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வாங்கிக்கொண்டு போய்விட மாட்டார். சட்டையைக் கழற்றிவிட்டுப் பாய்லருக்குள் ஊர்ந்து போவார். சுத்தியலால் தகடு தகடாகத் தட்டி, சத்தத்தைக் காதால் கேட்பார். முகமெல்லாம் கரியாக வெளியே வந்து, "இந்த வால்வ மாத்தாம நெருப்பு வச்சீங்கன்னா எல்லாரும் ஒண்ணாப் போயிடுவீங்க" என்று திட்டிவிட்டு, உறை பையில் இருக்கும்போதே, பாய்லரை மூடச் சொல்லி எழுதிக் கொடுப்பார். அதிபர் பதவியேற்ற மூன்றாவது வாரத்தில் அவருடைய அலுவலகம் கலைக்கப்பட்டது. லஞ்சம் ஒழிந்தது என்று நாங்கள் கைதட்டினோம். அவரோடு அந்தச் சுத்தியலும் போய்விட்டதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

4. ஆய்வுக்குப் பதிலாகச் சுயசான்று வந்தது. ஆலையே ஐந்து புகைப்படங்களை ஏற்றி, "எல்லாம் சரி" என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பாதுகாப்பு வால்வு என்பது அழுத்தம் அளவு மீறும்போது தானாகத் திறந்து நீராவியை வெளியே விடுவது. எங்கள் இரண்டாம் எண் பாய்லரில் அது துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. ஆகவே முதலாம் எண் பாய்லரின் நல்ல வால்வையே முன்பக்கத்திலிருந்து ஒரு படம், பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து, பாய்லருக்கு ஒன்றாக ஏற்றினார்கள். ஐயா, விளக்குப் பிடித்தவன் நான். பக்கவாட்டுப் படத்தின் ஓரத்தில் கறுத்த நகத்தோடு ஒரு கட்டைவிரல் தெரியும். அது என்னுடையது. "பத்து நாள்ல புது வால்வு வந்துடும், படம் ஒரு சம்பிரதாயம்தான்" என்று மேலாளர் சொன்னதை நம்பினேன். நம்பினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வேலை போய்விடுமே என்று பயந்தேன் என்பதே சரி.

5. மனம் கேட்காமல் அன்று மாலையே அதிபரின் புகார்ச் செயலியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: "ஆலையின் சுயசான்றும் புகைப்படமும் சரிபார்க்கப்பட்டன. தங்கள் குறை தீர்க்கப்பட்டது." எந்தப் படம் பொய் என்று நான் புகார் சொன்னேனோ, அந்தப் படத்தைக் காட்டியே என் புகாரை மூடியிருந்தார்கள். சேவை பிடித்திருந்ததா என்று கேட்டு ஐந்து நட்சத்திரமும் அனுப்பியிருந்தார்கள்.

6. அதற்குப் பதினாறு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இரண்டாம் எண் பாய்லரில் அழுத்தம் ஏறியது. வால்வு திறக்கவில்லை. நீர்மட்டக் கண்ணாடிக்கு அருகில் இருந்த மூடியின் அடைப்பு பிய்த்துக்கொண்டு நீராவி பாய்ந்தது. அந்தக் கண்ணாடியைப் பார்த்து நீரளவு சொல்வதுதான் என் தம்பியின் வேலை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். மருத்துவமனையில் மூன்று நாள் உயிரோடு கிடந்தான். முதல் நாள் பேசினான். "வால்வு தொறக்கலண்ணே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான், ஏதோ எனக்குத் தெரியாததைச் சொல்வதுபோல. எனக்கு முன்பே தெரியும் என்பது அவனுக்குத் தெரியாமலே மூன்றாம் நாள் போய்விட்டான்.

7. தங்கள் குழு வெளியிட்ட வழவழப்பான சாதனைப் புத்தகத்தை வரி விடாமல் படித்தேன். "ஆய்வாளர் தொல்லை நீங்கிய ஆலைகளில் உயிரிழப்பு விபத்து: இல்லை" என்று நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. விசாரித்தேன். ஆலை வளாகத்துக்குள் உயிர் போனால்தான் புதிய படிவத்தில் அது விபத்து மரணமாம். என் தம்பி மருத்துவமனையில் இறந்ததால் கணக்கில் வரவில்லை. பொருளாதாரம் வளர்ந்திருப்பதாக எழுதியிருப்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஆலையில் வேலை குவிகிறது, முன்பு இரண்டு ஷிப்டு, இப்போது மூன்று. சம்பளமும் தேதி தவறாமல் வருகிறது. புத்தகம் முழுக்கப் பொய் என்றால் எழுத எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதே புத்தகத்தில் இத்தனையும் மெய்யாக இருப்பதுதான் என்னை வதைக்கிறது.

8. இரண்டாம் எண் பாய்லருக்குப் புது அடைப்பு போட்டு, மேலே வெள்ளி வண்ணம் அடித்திருக்கிறார்கள். வால்வும் அந்த வண்ணத்தில் பளபளக்கிறது. ஆனால் அது அதே வால்வுதான். நேற்றுகூட நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. வரும் திங்கட்கிழமை நெருப்பு வைக்கப்போகிறார்கள். நான் வைக்க மாட்டேன் என்றேன். "நீங்க வராட்டி பரவாயில்ல பாய்லர்காரரே, இப்ப சான்றிதழ் இல்லாதவங்களும் வைக்கலாம்" என்றார் மேலாளர். அவர் சொன்னது உண்மை. சீர்திருத்தப் பட்டியலில் பன்னிரண்டாவதாக அது இருக்கிறது.

9. நீர்மட்டம் பார்க்க வேறு யாரும் முன்வராததால், வாரிசு வேலை என்று சொல்லி அந்த இடத்தை என் தம்பி மனைவிக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெண்ணுக்கு வேலை கொடுத்தால் அரசு உதவித்தொகை உண்டாம். ஆகவே தங்கள் அடுத்த புத்தகத்தில் அவர் "புதிய வேலைவாய்ப்பு" என்ற தலைப்பின் கீழ் வருவார். வேண்டாம் என்று கெஞ்சினேன். "ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க மாமா போவேன்? எப்படிப் பாக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றார். என் ஒருவன் சம்பளத்தில் இரண்டு குடும்பம் ஓடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

10. ஆகவே ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். அதிபரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. ஒரே ஓர் ஆளை அனுப்புங்கள். பெரிய அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. அந்த வால்வின் நெம்புகோலைக் கையால் தூக்கிப் பார்க்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். படம் எடுக்க விளக்குப் பிடித்த குற்றத்துக்கு என்மீது வழக்குப் போடுவதானால் போடுங்கள். என்னைக் கைது செய்யவாவது ஒருவர் ஆலைக்குள் வரட்டும்.

11. தம்பி மனைவிக்குப் பயிற்சி கொடுக்கும்படி திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எனக்கு உத்தரவு. நான் போகாவிட்டால் அவர் அங்கே தனியாக நிற்பார் என்பதால் போகிறேன். நீரளவு பார்ப்பதை அரைமணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆறு மணிக்குள் தங்களிடமிருந்து யாரும் வராவிட்டால், சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைத்தான் அவருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

தங்கள் வரவை ஆலை வாசலில் எதிர்பார்த்து நிற்கும்,

(ஒப்பம்)
பாய்லர் இயக்குபவர்

இடம்: தொழிலாளர் குடியிருப்பு, மூன்றாம் வரிசை
நாள்: அதிபர் பதவியேற்ற நூற்றுப் பதினான்காம் நாள், வியாழக்கிழமை

இணைப்பு: சுயசான்றுப் புகைப்பட நகல் – 2, "தீர்க்கப்பட்டது" பதில் நகல் – 1, மருத்துவமனை இறப்புச் சான்று நகல் – 1.