மகராஜின் கடைவாய்ப் பல்

3 பிப்ரவரி 1974
வக்கீல் பொங்க்ஷே எழுதிய புத்தகம் வந்துவிட்டது. மகராஜைப் பற்றிச் சீடர்கள் எழுதியதில் இது ஒன்பதாவது. ஒரு வரி விடாமல் படித்தேன். முப்பது வருஷம் அவருக்குப் பாக்ரி ரொட்டி தட்டிப் போட்ட என் பெயர் எங்கும் இல்லை. ஒரே இடத்தில், 'ஒரு சமையல்காரி' பருப்பைத் தீயவிட்டாளாம். தீயவிட்டது இந்த வக்கீலின் பெண்டாட்டி. நாற்பத்தொன்றில், ஆஷாட ஏகாதசிக்கு மறுநாள்.

4 பிப்ரவரி
மகராஜ் இருந்த பதினொரு நாள் மௌனத்துக்கு மட்டும் நாற்பது பக்கம்! மகராஜ் இடது கன்னத்தில் கைவைத்த அந்தப் படம், பிரபஞ்சத்தைத் தாங்கும் நிலையாம். தினமும் சாயங்காலம் ஆசிரமக் கூடத்தில் இருநூறு பேர் கன்னத்தில் கைவைத்து உட்காருகிறார்கள். அட, அது பல்வலி! தங்கை பிரசவத்துக்குப் போயிருந்த நான் பதினோராம் நாள் திரும்பி, கிராம்பு நசுக்கி வைத்தேன். உடனே வாய் திறந்தார். "எங்கடி போய்த் தொலைஞ்சே?" அது ஆத்மாவைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்று பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறான்.

9 பிப்ரவரி
பொங்க்ஷேயிடமே கேட்டேன். எல்லாருக்கும் போல அவனுக்கும் நான் ஆஜி, பாட்டிதான்.
"ஆஜி, ஜெர்மனிலேர்ந்தெல்லாம் வர்றாங்க. அவங்ககிட்ட போய்ப் பல்லுன்னு சொல்லச் சொல்றீங்களா?"
"பல்லு வலிச்சா பல்லுன்னுதாண்டா சொல்லணும். நீ அன்னிக்கு மாமியார் வீட்டுல ஸ்ரீகண்ட் நக்கிட்டு இருந்தே. என் பேரையும் போடு, பல்லையும் போடு."

20 ஜூன்
புதுப் பதிப்பு. பெயர் இருக்கிறது, பல் இல்லை. 'அன்னை யேசுபாய் அர்ப்பணித்த கிராம்பு.' என் கிராம்பு டப்பாவைச் சமாதி அருகே கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவி அவனிடம். இனிச் சமையலில் கிராம்பு போட்டால் அபசாரமாம்.

2 ஜூலை
இடது கடைவாயில் விண்விண் என்கிறது.

4 ஜூலை
தாங்கவில்லை. கன்னத்தைப் பிடித்தபடி கூடத்துத் தூணில் சாய்ந்தேன். எதிரே ஒருத்தி உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்தாள். பிறகு பத்துப் பேர். பிறகு கூடம் நிறைய.
"பல்லு வலிக்குதுடா பாவிகளா!"
பொங்க்ஷே நோட்டை எடுத்தான். "பல்லுன்னு ஆஜி எதைச் சொல்றாங்க? அகங்காரத்தையா?"
"கிராம்பு குடுடா!"
அத்தனை பேரும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

6 ஜூலை
வாசல் பலகையில் 'மூன்றாம் நாள்' என்று எழுதியிருக்கிறார்களாம். எழுந்தால் காலில் விழுகிறார்கள், நகர வழியில்லை. யாராவது ஒருத்தி ஊரிலிருந்து திரும்பி வரமாட்டாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்தால் நானும் மகராஜ் கேட்டதையேதான் கேட்பேன்.